மூன்றாம் நாள் ரீல்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்து எடுத்த கதை இல்லை. வட்டகொடைப் பேச்சியம்மா என் தலையில் கட்டிய கதை. அவர் கட்டாமல் விட்டிருந்தால் நான் பாட்டுக்குப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

நான் எழுதிய முதல் தொடக்கம் இது: 'அழகன் சிரித்துக்கொண்டே பெரட்டுக்களத்துக்குள் நடந்து வந்தார்.' நல்ல வரிதான் (பெரட்டுக்களம் என்பது தேயிலைத் தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் இடம்). ஆனால் பேச்சியம்மாவின் புருஷன் அழகன் செத்துப் பதினோரு வருடம். அதனால் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

2.

இன்னொரு தொடக்கம்: 'கொட்டகலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் இன்சாப் நானாவின் வாப்பா, ஒரு காலத்தில் வேனில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் படம் காட்டியவர்.' சலிப்பான வரி, ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. வாப்பா போன பிறகு அவருடைய ரீல்கள் கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு இடையில் கிடந்தன. அவற்றைத் துடைத்து, அறுந்ததை ஒட்டி, ஞாயிறு பின்னேரங்களில் தோட்டத்துச் சனங்களுக்குப் போட்டுக் காட்டுவது நானாவும் நானும் இரண்டு வருடமாகச் செய்யும் வேலை.

அங்கேதான் அந்த இரண்டு டின்களும் கிடைத்தன. மேலே வாப்பாவின் கையெழுத்து: 'வட்டகொடை காமன் கூத்து, 1986.' வாப்பாவே கமெராவில் பிடித்தது. முதல் டின்னில் மன்மதனை எரிப்பது. இரண்டாவதில், மூன்றாம் நாள் அவனை எழுப்புவது. இரண்டாவதைத் திறந்தபோது வினாகிரி நாற்றம் மூக்கில் அடித்தது. ரீல் முழுக்க உருகிக் கருப்பட்டிக் கட்டியாக ஒட்டிப்போயிருந்தது.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் தோட்டத்தில் எரித்தால் எழுப்பியே ஆகவேண்டும். அதுவரை மன்மதன் வேடம் கட்டியவர் தன் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டார். நான் அங்கே வளர்ந்தவள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.)

3.

முதல் ரீலை மூன்று ஞாயிறுகள் கடைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். ஒட்டு தாங்குமா என்று பார்க்கத்தான். மன்மதனாக அழகன் நிற்கிறார். கம்பத்தில் தீ ஏறுகிறது. அவர் விழுகிறார். வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். பிறகு புகை. "ஆள் நல்லாத்தான் விழுறாரு," என்றார் நானா. நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு வட்டகொடை முன்பள்ளியில் காட்டுவதாக இருந்தோம். என்ன படம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பேச்சியம்மா பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார். அழகனை மண்சரிவு கொண்டுபோனபோது உடம்புகூடக் கிடைக்காத மனுஷி.

"டீச்சரம்மா, அவர எரிச்சீங்களா?"

யாரை என்று கேட்டேன்.

"மூணு ஞாயித்துக்கெழமயா பின்னேரம் வாசல்ல வந்து நிக்கிறாரு. வேசத்தோட, வெள்ளத் துணியப் போத்திக்கிட்டு. உள்ள வாங்கன்னு கூப்புடுறேன். வர மாட்டேங்கிறாரு. எழுப்பாத ஆளு எப்பிடிங்க வருவாரு?"

நானா கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

(யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று இங்கே ஒரு பத்தி எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

"ரெண்டாவத போடுங்க," என்றார் பேச்சியம்மா. நானா அந்தக் கட்டியைக் காட்டினார். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அவரு இப்பிடியே நிக்க வேண்டியதுதானா? நீங்க கத எழுதுறவங்கதான. எழுதி எழுப்புங்க."

4.

எழுதினேன். 'மூன்றாம் நாள் அழகன் எழுந்தார்.' அங்கேயே வாசித்தும் காட்டினேன்.

"இது நீங்க சொல்றது. அவரு எந்திரிக்கலயே," என்றார் பேச்சியம்மா. எந்த விமர்சகரும் என்னை இப்படிப் போட்டு உடைத்ததில்லை.

வழி சொன்னது நானாதான். "பின்னால ஓட்டுவோம் டீச்சர். இந்த மெஷின் ரிவர்ஸ்ல போகும். புகை கீழ எறங்கும், துணி வெலகும், ஆள் எந்திரிப்பாரு. ஆனா ரீல் சுருங்கிப் போச்சு. இன்னொரு ஓட்டம் தாங்குமான்னு சொல்ல ஏலா."

"ஓட்டுங்க," என்றார் பேச்சியம்மா.

5.

மறுநாள் மூன்று மணி. முன்பள்ளி ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டி இருட்டாக்கினோம். பேச்சியம்மா முன் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துக் கதிரையில் யாரையும் உட்கார விடவில்லை.

திரையில் புகை மெல்லக் கீழே இறங்கியது. துணி விலகியது. அழகனின் தோள் அசைந்தது. ஒரு கை நிலத்தில் ஊன்றியது. முழங்கால் மடங்கியது. முகம் எங்கள் பக்கம் திரும்பியது. அப்போது ரீல் சிக்கி நின்றது. நின்ற படத்தை விளக்குச் சூடு விடுமா? அழகனின் நெஞ்சில் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்து பரவியது. நானா பாய்ந்து விளக்கை அணைத்தார். மிச்ச ரீல் அவர் கையிலேயே நொறுங்கியது.

கதவு மெல்லத் திறந்து பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஓர்...

(வேண்டாம். கதவு திறக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: பேச்சியம்மா பக்கத்துக் கதிரையைப் பார்த்தார், பிறகு கீழே தரையைப் பார்த்தார்.)

"முழங்கால்ல நிக்கிறாரு," என்றார். "பாதியில விட்டுட்டீங்க."

6.

இனி ரீல் இல்லை. இருப்பது இந்தக் கதை மட்டும். இதிலும் நான் அதே பிழையைத்தான் செய்திருக்கிறேன். மூன்றாம் எண்ணில் அவர் நிற்கிறார், விழுகிறார், மூடுகிறார்கள், புகை. அதை வாசித்தபோது நீங்களும் ஒரு தடவை எரித்துவிட்டீர்கள். மன்னியுங்கள், முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்றும் பேச்சியம்மா எனக்குப் போன் எடுத்தார். "இன்னமும் முழங்கால்லதாங்க. அவருக்குக் கால் வலிக்கும்ல," என்றார்.

ஆகவே முடிவை என்னிடம் கேட்காதீர்கள். நான் எழுதினால் அவர் எழுவதில்லை. நீங்கள் இங்கிருந்து பின்னால் போங்கள். ஐந்து, நாலு, மூன்று. அவசரப்படாமல் போங்கள், ஒட்டு தாங்காது. புகை இறங்கும்வரை, துணி விலகும்வரை, அவர் இரண்டு காலிலும் நிற்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள். நடுவில் விட்டால் அவர் அடுத்து யார் வாசலுக்கு வருவார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றாம் எண்ணில் நான் அடித்த வரி ஒன்று கிடக்கிறது. அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பேச்சியம்மா இன்னும் கதவைச் சாத்தவில்லை.