குறைந்தது எட்டு எழுத்து

டிவிக்காரர் சுவரைத் துளைத்தபோது தூள் கட்டில்மேல் விழாமலிருக்க நான் பழைய போர்வை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் என் வீட்டுக்காரர் கிடந்தார். அவர் விழுந்து இருபத்திரண்டு நாள். மூளையில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. எழுத்தும் போய்விட்டது என்றார் டாக்டர். செய்தித்தாளை நீட்டினால் வெறும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். தலையாட்டலையாவது நம்பலாமென்றால் ஆமாமுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டல்தான்.

"அடுத்த அடைப்பு எப்ப வேணா வரலாம்மா. இந்த வாரத்தைத் தாண்டிட்டாருன்னாப் பெரிய விஷயம்" என்று திங்கட்கிழமை டாக்டர் சொல்லியிருந்தார். இன்று புதன்.

டிவியை வாங்கி அனுப்பியவள் வாலு. எங்கள் ஒரே மகள். நடக்கக் கற்ற நாளிலிருந்து அவள் பெயர் வீட்டில் அதுதான். கப்பல் இஞ்சின் படிப்புக்காகக் கடல் தாண்டிப் போய் நான்கு வருஷமாகிறது. அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அவர்கள் பயிற்சிக் கல்லூரியில் உறுதிமொழி விழா. அதை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். நாளைக் காலை அவள் கப்பல் ஏறுகிறாள். ஏறினால் எட்டு மாதம்.

அவள் முகத்தை அவர் பார்ப்பது இன்றோடு சரி. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பு, தொண்டை வேற கட்டிக்கிச்சு, பேச முடியல" என்று மூன்று வாரமாகப் புளுகிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். விழாவில் நிற்காதவருக்குக் கப்பலில் இடமில்லை, இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், நான்கு வருஷம் மண்ணாகிவிடும். நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்கு வாயில்லை.

"படுத்தபடியே பாக்கட்டும், பெரிய திரையா இருக்கட்டும்" என்று அந்தப் பைத்தியக்காரி முதுகுப் பிடிப்புக்காக இவ்வளவு பெரிய டிவியை அனுப்பியிருந்தாள்.

டிவிக்காரர் தன் போனிலிருந்து நெட்டைக் கொடுத்துச் சோதித்தார். படம் பளிச்சென்று வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் பட்டதும் இடது கண் திரும்பியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அவ்வளவுதான்க்கா. இனிமே உங்க வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுக்குங்க."

"அது அவருக்குத்தான் தெரியும்."

டிவிக்காரர் கட்டிலைப் பார்த்தார். அப்புறம் தன் பையைப் பார்த்தார். "பெட்டிக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கும் பாருங்க" என்று வாசலறைக்குப் போய் வைஃபை பெட்டியைத் திருப்பினார். ஸ்டிக்கர் இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு எழுத்துகூட இல்லாமல். இருபத்தாறு வருஷமாக ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். கறை கண்ட இடத்தில் என் கை சும்மா இருக்காது. எந்த மாதத்திலோ பிளீச் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்திருக்கிறேன். துடைத்த கையை ஓங்கிக் கதவில் அடித்துக்கொண்டேன்.

"இந்தச் சின்ன ஓட்டைல மட்டும் ஊசி விட்டுடாதீங்கக்கா. எல்லாம் அழிஞ்சிடும். கம்பெனி ஆள் வந்துதான் மறுபடி உசுரு குடுக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். மணி ஒன்று.

என் போன் பட்டன் போன். அதில் பேச்சு வரும், படம் வராது. அவர் போன் அவர் விழுந்தபோது அவருக்கு அடியில் சிக்கி நொறுங்கிவிட்டது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மாடிவீட்டைத் தட்டினேன். வேலை நாள், இரண்டிலும் பூட்டு தொங்கியது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"கணக்கு உங்க கணவர் பேர்ல இருக்கு மேடம். அவர்கிட்டக் குடுங்க, அவரு ஒரு தடவை 'சரி'ன்னு சொன்னாப் போதும், மாத்திடலாம்."

"அவரால பேச முடியாதும்மா."

"அவரோட குரல் ஒப்புதல் இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

குரல் ஒப்புதலாம்! முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் இவர். ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் வண்டி ஏறியது. இன்று ஒரு 'சரி' சொல்ல நாக்கு எழவில்லை. "வேணும்னா ஆளை அனுப்பறோம் மேடம், ரெண்டு நாள் ஆகும்" என்றாள் அவள். ரெண்டு நாள் என் தலையில் போட என்று கத்திவிட்டு வைத்தேன். அவள் என்ன செய்வாள் பாவம்.

டிவியில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன. எங்களுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை. 'Ezhaam Nadaimedai' என்றிருந்தது. ஏழாம் நடைமேடை. அவருக்கு ழகரம் உயிர். "ஏளாம் நடைமேடைன்னு சொன்னா எவன்டி வண்டியைப் பிடிப்பான்?" என்பார். என் வாயில் அந்த எழுத்து ஒருநாளும் நுழைந்ததில்லை. நான் பளம் என்பேன், அவர் பழம் என்று திருத்துவார். கல்யாணமான மறுநாள் ஆரம்பித்த திருத்தம். ஆங்கிலத்தில் எழுதினாலும் zh போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"ஏங்க. வாலுவைப் பாக்கணும்ல? வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

புரிந்துகொண்டார். கண்ணிலேயே தெரிந்தது. உதட்டின் இடது பாதி மட்டும் அசைந்தது. எச்சில் வழிந்தது, துடைத்தேன். கழுத்து நரம்பு புடைக்க, இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக ஒரு சொல் வந்தது.

"ம… யை."

"என்னங்க?"

"மயை."

நாக்கு மடங்காத மனிதர் வேறெப்படிச் சொல்வார்? மழை! "மளைதானே? மளையா?" என்று குதித்தேன். அவர் தலையாட்டினார்.

ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. mazhai என்று முடித்தால், கீழே உள்ள பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. 'குறைந்தது எட்டு எழுத்து தேவை' என்றது டிவி. ஆறுதான் இருந்தது. வாலு பிறந்த வருஷத்தைச் சேர்த்தேன். 'கடவுச்சொல் தவறு. மீண்டும் முயலவும்.' கல்யாண வருஷத்தைச் சேர்த்தேன். தவறு. வீட்டு எண், அவர் ஓய்வு பெற்ற தேதி, ஒன்று இரண்டு மூன்று, எல்லாம் தவறு. zh-ஐ விட்டுவிட்டு malai என்று அடித்து அதே எண்களைச் சேர்த்தும் பார்த்தேன். மலையும் ஏறவில்லை.

"மயை. மயை" என்றார் அவர் பின்னாலிருந்து.

"ஒரு தடவை சொன்னாப் போதும், நான் ஒண்ணும் செவிடி இல்ல!"

"மயை… மயை."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். டாக்டர் கோபப்படுத்தாதீர்கள் என்றிருந்தார். நான் மழையோடு என்னென்னவோ சேர்த்து அடித்தேன், டிவி அத்தனைக்கும் தவறு தவறு என்றது. கடைசியில் ரிமோட்டை விட்டெறிந்தேன். பேட்டரி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. குப்புறப் படுத்துக் கையை விட்டுத் தேடும்போது என்னால் அடக்க முடியவில்லை, தரையில் முகத்தை வைத்து அழுதேன். மேலே அவரும் அழுதார். அவர் அழுதால் சத்தம் வராது, மூச்சுத்தான் மாறும். எத்தனையோ ஆயிரம் பேரை வண்டி ஏற்றிவிட்டவருக்கு அவர் பெற்ற பெண்ணைக் கண்ணில் காட்ட என்னால் முடியவில்லை.

மூன்றேகாலுக்குப் போன் அடித்தது. வாலு.

"ம்மா, டிவி மாட்டியாச்சா? இன்னும் பத்து நிமிஷத்துல எங்க போனையெல்லாம் வாங்கி வச்சிடுவாங்க. விழா முடிஞ்சுதான் தருவாங்க."

"மாட்டியாச்சுடி. பாஸ்வேர்டுதான் தெரியல."

"அப்பாவைக் கேளேன்."

"தொண்டை கட்டியிருக்கே."

"தொண்டை கட்டினா எழுதிக் காட்டச் சொல்லேன்மா. இது கூடவா?"

"ஏதோ மளைன்னு சொல்றாரு. போட்டுப் போட்டுப் பாக்கறேன், எடுக்கவே மாட்டேங்குது."

"மழையா?" யோசித்தாள். "போனை அப்பாகிட்டக் குடு. நான் கேக்கறேன்."

போனை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றேன். கொடுத்தால் அந்தக் குரலைக் கேட்பாள். அறிவிப்பாளரின் மகள் அவள், ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று வாரமாக நான் கட்டிய கோட்டை அங்கேயே சரியும். கொடுக்காவிட்டால் அவர் அவளைப் பார்க்காமலே போவார். மார்புக்குள்ளிருந்து "ம்மா? ம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று இருபது. அவர் இடது கை போனை நோக்கி நீண்டது.

ஸ்பீக்கரைப் போட்டு அவர் வாயருகே வைத்தேன்.

"அப்பா? நான்தான்ப்பா. பாஸ்வேர்டு என்னப்பா?"

"மயை… மயை."

போனை என் காதருகே இழுத்துக்கொண்டேன்.

"ம்மா" என்றாள் வாலு. குரல் உடைந்திருந்தது. "அவரு சரியாத்தான் சொல்றாரு. நீதான் திருத்திட்ட. மழை இல்ல, மயை. எம் ஏ ஒய் ஏ ஐ. ரெண்டு தடவை, சேத்து அடி."

"இதென்னடி வார்த்தை?"

"சின்னதுல எனக்கு அப்படித்தான் வரும். மழை வந்தா ஜன்னல்ல ஏறி நின்னுக்கிட்டு மயைமயைன்னு கத்துவேன். நீ ஷிஃப்டுக்குப் போயிருப்ப. இப்பவும் அங்க மழை பேஞ்சா அப்பா அதே ஸ்பெல்லிங்ல மெசேஜ் அனுப்புவாரு. மூணு வாரமா வரல. அங்க மழையே இல்லபோலன்னு நினைச்சேன்."

ஊரையெல்லாம் திருத்திய மனிதர், என்னை முப்பது வருஷம் திருத்திய மனிதர், அவளை மட்டும் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"முதுகு…"

"ம்மா."

சொல்லிவிட்டேன். விழுந்தது, அடைப்பு, டாக்டர் சொன்ன வாரக்கணக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். "நீ கப்பல் ஏறணும்னுதான்டி மறைச்சேன்" என்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்பாவுக்கு டிவியைப் போடும்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

பத்து எழுத்து. ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறியை நகர்த்தி, தப்பான எழுத்தில் விரல் பட்டு, அழித்து, மறுபடி அடித்தேன். கடைசி i போட்டதும் பொத்தான் நீலமானது. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. 'இணைக்கப்பட்டது.'

கல்லூரியின் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் நான்கு ஆகிவிட்டது. பெரிய மைதானம். வெள்ளைச் சீருடையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எல்லாத் தலையிலும் ஒரே தொப்பி. அவருக்குப் பின்னால் இன்னொரு தலையணை வைத்து நிமிர்த்தினேன். முகத்தைத் துடைத்தேன், தலையை வாரிவிட்டேன். அவர் இடது கண் முதல் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது, பிறகு இரண்டாவது வரிசைக்குப் போனது. விட்டுவிடாமல் ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

எண் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். வாலுவின் எண் நாற்பத்தேழு. நாற்பத்தைந்து வந்தான், கை உயர்த்தி உறுதி சொன்னான், போனான். நாற்பத்தாறு வந்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பதாங்க, இப்பதாங்க" என்றேன்.

நாற்பத்தேழு என்றது ஒலிபெருக்கி. மேடை காலியாக இருந்தது. காகிதத்தோடு நின்ற அதிகாரி பக்கவாட்டில் பார்த்தார். மறுபடியும் நாற்பத்தேழு என்றது. யாரோ ஓடிவந்து அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார். நாற்பத்தெட்டு வந்தான்.

அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். நான்கு வருஷத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள், கிறுக்கச்சி. அவளை வெட்டிப் போடலாம்போலக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தினடியில் அவள் வருகிறாள், வருகிறாள் என்று ஒரு சந்தோஷமும் அடித்துக்கொண்டது. இரண்டு விமானம் மாற வேண்டும். எப்படிப் பறந்தாலும் வெள்ளிக்கிழமை காலைக்கு முன்னால் முடியாது.

அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது, ஐம்பத்தொன்று என்று யார் யார் பெற்ற பிள்ளைகளோ மேடையேறி இறங்கினார்கள். அவர் கண் வரிசைகளில் அலைந்து அலைந்து நீர் கோத்துக்கொண்டது. நான் டிவிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"அவ அங்க இல்லைங்க. இங்க வந்துக்கிட்டிருக்கா. வெள்ளிக்கிழமை காலையில உங்க முன்னாடி வந்து நிப்பா. அது வரைக்கும் நீங்க எங்கயும் கிளம்பக்கூடாது, சொல்லிட்டேன்."