சரிவில் ஏறாத வண்டி

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு கடிதம். எழுதியவன் நான், கையெழுத்துப் போட்டவன் தீனதயாளன். மணலூர்பேட்டையில் என்னோடு படித்தவன். இப்போது கரியாலூர்ப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்குக் கண்காணிப்பாளர். "நீதான் எழுதறவனாச்சே, மொதலாளிக்கு நல்லதா ஒண்ணு எழுதிக் குடுடா" என்று போனில் கேட்டான். விடுதிக்குப் புல்வெட்டும் டிராக்டர் வாங்க வேண்டும். எந்த வண்டி தேவைக்கும் கையிருப்புக்கும் ஏற்றது என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். நான் கதை எழுதி மூன்று வருடமாகிறது. கடிதமாவது வருகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டோம். அந்த விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்வராயன் மலையில் பனி விலகிய அந்தக் காலையில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல

அடித்துவிட்டேன். பங்குனியில் அங்கே ஏது பனி?

அடுத்து: தீனதயாளன் நேர்மையானவன். இதையும் அடித்தேன். நேர்மையானவனா என்று கதையை முடிக்கப்போகும் இந்த நேரத்திலும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது நிற்கிறது, இருக்கட்டும்:

தீனதயாளனுக்கு அலுப்பாக இருந்தது. சென்னையிலிருந்து முதலாளி வாரம் ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் புல்வெளி, அதன்மேல் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் சிவப்பு வண்டி. 'நமக்கும் இந்த மாதிரி வேணும் தீனா.' விடுதியின் புல்வெளி ஒன்றரை ஏக்கர். முன்னால் ஒரு ஏக்கர் சமதளம், பின்னால் அரை ஏக்கர் நல்ல சரிவு. இத்தனை வருடமும் விடுதிக்குக் கீழே குடியிருக்கும் ரங்கம்மாள்தான் கருக்கரிவாளால் பகுதி பகுதியாக அறுத்து வந்தாள். கூலி தனி, அறுத்த புல் அவளுக்கு. அவன் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே உள்ள பேச்சு, எங்கேயும் எழுதிவைத்ததில்லை.

[கூலியைவிடப் புல்தான் அவளுக்குப் பெரிது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். வெயில் காலத்தில் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற பச்சை அது ஒன்றுதான். அவளுக்கு இரண்டு மாடு. ஒன்று சினை.]

3

கள்ளக்குறிச்சிக் கடையில் இரண்டு வண்டி நின்றன. தீனதயாளன் கரும்புக் காட்டில் வளர்ந்தவன். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "இது எத்தினி கலப்பை இழுக்கும்?" என்று கேட்டான்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்திருக்கும். "இது எதையும் இழுக்காதுங்க. நீங்க மேல ஒக்காந்துகினு போனா போதும், அடியில கத்தி சுத்தி வெட்டும்."

பெரிய வண்டிக்கு அகலமான கத்தி, விலை கம்மி. ஆனால் சரிவில் ஏறாது, ஏற்றினால் கவிழ்ந்துவிடும். சின்னது மெதுவாகப் போகும், விலை கொஞ்சம் ஜாஸ்தி, மேட்டிலும் ஏறும். சின்னதைக் குட்டி லாரியில் மலைக்கு ஏற்றிவந்து ஓட்டிக் காட்டினார்கள். ஏறத்தான் செய்தது.

ரங்கம்மாள் அரிவாளோடு ஓரமாக நின்று பார்த்தாள். வண்டியின் பின்னால் தொங்கிய பையில் வெட்டின புல் தூள் தூளாக நிரம்பியிருந்தது. பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கீழே அவள் வீட்டுக்குப் போனாள். அரை மணியில் திரும்பினாள்.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு சார். புல்லுக்குள்ள கைய வுட்டா சுடுது. பெட்ரோல் நாத்தம் வேற."

4

ரங்கம்மாளைச் சரியாக எழுதினேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் அவளை அழவைத்திருந்தேன்.* படித்துக் காட்டியபோது தீனதயாளனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுங்க எங்கடா அழுதாங்க? அழுதிருந்தா ரெண்டு வார்த்த சமாதானம் சொல்லி வூட்டுக்கு அனுப்பிட்டிருப்பேன்."

அழவில்லை. பையை உதறி, வண்டியிலேயே திரும்ப மாட்டினாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பெரிய வண்டி இருக்குதுன்னாங்களே, அதுவும் பின்னால மேட்டுல ஏறுமா சார்?"

"ஏறாது."

அவள் சரிவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த மேட்டுப் புல்லு ரெண்டு மாட்டுக்குப் பத்தாதுங்க. செனையா கீறதுக்குப் போதும்."

* அழவைத்தால் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம்.

5

பெரிய வண்டியையே வாங்கலாம் என்று எழுதினோம். அகலமான கத்தி, முன்வெளியைச் சீக்கிரம் முடித்துவிடும். உதிரிபாகம் கள்ளக்குறிச்சியிலேயே கிடைக்கும். விலை குறைவு. எல்லாம் நிஜம்.

"சரிவப் பத்தி?" என்று போனில் கேட்டேன்.

"அத எழுத வேணாம்."

"கேட்டாருன்னா?"

"கேட்டா சொல்லித்தான் ஆவணும். தெரிஞ்சே ஏறாத வண்டிய வாங்க வெச்சேன்னா, அடுத்த மாசம் எனக்கு வேல இருக்காது. அவ்ளோதான."

அவ்வளவுதான் என்றானே தவிர அவனுக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான். ஒரு மாட்டுத் தீவனத்துக்காக இப்படிப் பயப்படுவார்களா என்று யாராவது கேட்டால், பயந்தோம் என்பேன்.

6

முடிவுகள்:

(அ) முதலாளி கேட்கவில்லை. பெரிய வண்டி வந்தது. சினைமாடு

(ஆ) முதலாளி கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தார், பின்பக்கம் நடந்தார், அரிவாளோடு குனிந்திருந்த

இரண்டையும் முடிக்க எனக்குத் தெம்பில்லை. கடிதம் போய் நான்கு நாளாகிறது, பதில் வரவில்லை. அதற்குள் கடிதத்தில் மறைத்ததையெல்லாம் இங்கே கொட்டிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றினாலும், சரிவும் வண்டியும் அப்படியே இருக்கின்றன. முதலாளிக்குக் கதை படிக்கும் பழக்கம் உண்டா என்று தீனதயாளனைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நேற்று கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். கடைசியில், கைப்பழக்கத்தில், எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரியை எழுதியிருக்கிறேன்: 'வேறு விவரம் ஏதும் வேண்டுமானால் கேட்கவும்.'

இத்தனை வரிகளை அடித்தவன் அந்த ஒன்றை அடிக்கவில்லை.

கடிதம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. முதலாளி நீங்கள்தான். தீனதயாளன் அங்கே போனைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறான். ரங்கம்மாள் சரிவில் பாதி அறுத்துவிட்டாள்.

கேட்கப்போகிறீர்களா?