திருஷ்டி கழிந்த சாலை

வாருங்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் வாருங்கள். கோயிலே வேண்டாம் என்கிறவர்களும் வாருங்கள். டில்லியில், லோதி ரோடு சர்க்கார் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பிள்ளையார் கோயில். அதன் வாசலில் ஒரு தார்ச்சாலை. அந்தச் சாலையோரம் வந்து நில்லுங்கள். அங்கே நடந்த அநீதியை இருபது பேர் கண்ணாரக் கண்டார்கள். இருபது பேரும் வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், சாலையில் ஊமையானார்கள். நீங்களாவது பாருங்கள்.

1979, தை மாதத்து வெள்ளிக்கிழமை. காலைப் பனி இன்னும் விலகவில்லை. பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு புது ஃபியட் கார் நின்றது. முகப்பில் சந்தனம், குங்குமம். மேலே சாமந்தி மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அந்த ஊரில் எந்தத் தொழிலாளிக்கும் கிடைக்காத மரியாதை அந்தத் தகரத்துக்குக் கிடைத்தது. அதன் சொந்தக்காரர் வெங்கடேஸ்வரன், மத்திய அமைச்சகம் ஒன்றில் அதிகாரி. பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார்.

"ஓய், இனிமே பஸ் ஸ்டாப்பிலே உம்மைப் பார்க்கவே முடியாது!" என்றார் அடுத்த வீட்டுப் பட்டாபி.

"ஏன் முடியாது? ஜன்னல் வழியாக் கையாட்டிண்டே போவேனே!"

கூட்டம் சிரித்தது. வெங்கடேஸ்வரன் வெள்ளைப் பூசணிக்காயைக் கையில் எடுத்தார். உள்ளே குங்குமமும் சில்லறையும். மேலே எரியும் கற்பூரம். காரை மூன்று முறை வலம் வந்து, நடுச்சாலையில் ஓங்கிப் போட்டு உடைத்தார். சதையும் விதையும் செந்நீரும் சாலையெங்கும் சிதறின. உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சம்பிரதாயம். தன் பொறுப்பிலிருந்து தப்புகிறவனுக்கு இதைவிட வசதியான சம்பிரதாயம் வேறெங்கே கிடைக்கும்?

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது.

ஓட்டி வந்தவன் மூக்கன். ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளி. பின்னால் அமர்ந்திருந்தவள் அவன் மனைவி சந்திரம்மாள். அவள் பாத்திரம் தேய்ப்பது இதே வெங்கடேஸ்வரன் வீட்டில்தான். "நாளைக்குப் புது வண்டிக்குப் பூஜை. எல்லாரும் டிபனுக்கு வரா. ஜல்தியா வந்துடு. லேட்டானா வேற ஆளைப் பார்த்துப்பேன்" என்று முதல் நாளே எச்சரித்திருந்தாள் அவர் மனைவி வைதேஹி. அந்த எச்சரிக்கைதான் அவளைச் சைக்கிளில் ஏற்றியது.

முன்சக்கரம் பூசணிச் சதையில் ஏறியது, வழுக்கியது. சந்திரம்மாள் வலது கை உடலுக்கடியில் சிக்க விழுந்தாள். எழுந்தபோது அவளுடைய முன்கை முறுக்கிய துணிபோல் கோணி, ரத்தம் வழியக் கிடந்தது.

கூட்டம் ஓடியது. எங்கே ஓடியது தெரியுமா? காரிடம்! பட்டாபி குனிந்து மட்கார்டைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லை ஓய். பிள்ளையார் காப்பாத்தினார்!"

"சாமி, கை ஒடிஞ்சிபோச்சி சாமி" என்று அலறினான் மூக்கன். "ஆஸ்பத்திரி வரைக்கும் உங்க வண்டியில ஏத்திக்கினு போங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

வெங்கடேஸ்வரனின் கை கார்க் கதவுக்குப் போனது. போனது உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் வைதேஹி குறுக்கே வந்தாள்.

"ஏன்னா, முதல் சவாரியே ஆஸ்பத்திரிக்கா? சீட்டெல்லாம் ரத்தமாகணுமா? நமக்கு வர இருந்தது அவளோட போச்சேன்னு ஒரு தேங்காய் உடையுங்கோ."

கை கதவை விட்டு இறங்கியது.

அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் வந்துவிட்டான். சாலையைப் பார்த்தான். "யே கிஸ்னே தோடா?" என்றான். இதை உடைத்தது யார்? எளிய கேள்வி. வெங்கடேஸ்வரனின் உள்ளங்கையில் குங்குமம் இன்னும் காயவில்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மாலூம் நஹீ" என்றார். தெரியாதாம்!

இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். சட்டத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டுமே! "டபுள் சவாரி!" என்று மூக்கன் மேல் பாய்ந்தான் கான்ஸ்டபிள். சைக்கிளில் இருவர் வந்த குற்றத்துக்கு அபராதம். கட்டும்வரை சைக்கிள் காவல் நிலையத்தில். பாதிச் சாலையை மறித்து நின்ற காருக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. மூக்கன் மனைவியைத் தோளில் தாங்கி, ஆட்டோ தேடி நடந்தான்.

எலும்பு கோணலாகக் கூடியது. பாத்திரம் தேய்க்க முடியாத கைக்கு வேலை தருவார் யார்? வைதேஹி வேறு ஆளை வைத்துக்கொண்டாள். அபராதம் கட்டப் பணமின்றிச் சைக்கிளை மீட்க முடியாத மூக்கன் வேலைக்கு நடந்து போய்த் தாமதமானான், மேஸ்திரி நிறுத்திவிட்டான். ஒருநாள் அவன் வெங்கடேஸ்வரனின் வாசலில் நின்றான்.

"சாமி, ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததச் சொன்னீங்கன்னா சைக்கிளக் குடுத்துடுவான்."

"புது வண்டி வாங்கின கையோட போலீஸ் ஸ்டேஷனா? நான் சர்க்கார் உத்தியோகஸ்தன்டா. என் பேரு அங்கெல்லாம் வரப்படாது. அச்சா, போயிட்டு வா."

"அன்னிக்கி உங்க கை செவப்பா இருந்திச்சி சாமி."

கதவு அடைபட்டது.

மாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. அதே கோயில், அதே சாலை. இந்த முறை புதுக் கார் பட்டாபியுடையது. பூசணியைச் சுற்றி முடித்து அவர் கையை ஓங்கியபோது, கோணிய கையோடு சந்திரம்மாள் வந்து நடுச்சாலையில் உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்திரு! வழியை மறிக்காதே!" என்றார் பட்டாபி.

"வழிய மறிச்சது நானா, உங்க காரா?"

வெங்கடேஸ்வரன் முன்னே வந்தார். "சந்திரம்மா, நல்ல காரியம் நடக்கறபோது அபசகுனமா உட்காராதே. அந்தண்டை போ."

"அன்னிக்கி ஒடச்சது யாருன்னு போலீஸ்காரன் கேட்டான். இன்னிக்கி நான் கேக்கறேன் சாமி. பதில் சொல்லிட்டு ஒடைங்க. இல்லன்னா என் தலைமேலயே ஒடைங்க. உங்க திருஷ்டி எப்படியும் என் மேலதானே எறங்குது!"

ஒருவன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான். மூக்கன் வந்து மனைவி அருகில் அமர்ந்தான். சுற்றிய பூசணியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது; அவர்கள் இருக்கும்வரை உடைக்கவும் முடியாது. கற்பூரம் எரிந்து இறங்க, பட்டாபி பூசணியை உடலைவிட்டுத் தள்ளிப் பிடிக்கிறார். சாலைத் திருப்பத்தில் அதே கான்ஸ்டபிள் வந்துகொண்டிருக்கிறான். அவள் கேட்கிற அதே கேள்வியை அவனும் மறுபடியும் கேட்கத்தான் போகிறான்.

சாலையோரம் நில்லுங்கள் என்று உங்களை அழைத்தேன். நின்றது போதும். வேடிக்கை பார்ப்பவன் இருபத்தோராவது ஊமை. சாலைக்கு இறங்குங்கள். அவள் பக்கத்தில் உட்காருங்கள். உடைத்தது யார் என்று அவன் கேட்கும்போது, கையை நீட்டி, பெயரைச் சொல்லுங்கள்!