பூட்டுக்கு ஒரு ‘வாங்க’

நாச்சிமுத்து வீட்டைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்புகள் வந்தன. முறைப்படி பல்புகள்தான் முதலில் படியேற வேண்டும். அவற்றுக்குப் பின்னால் மின்விசிறி, கேமரா, பேசும் டப்பா, தரை துடைக்கும் வட்டு, எல்லோருக்கும் பெரியவராக ரௌட்டர். கூடவே தரகர் பொன்னுரங்கம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மழை இல்லை. தரகர் என்றால் குடை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணபதிப் பகுதியில் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஆகிவிட்டது. நேற்றுப் பூச்சு காய்ந்த வீட்டுக்குக்கூட ஆகிவிட்டது. சாயங்காலமானால் அவை தாமாக விளக்கேற்றிக்கொண்டு, தாமாகத் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றோடொன்று சிரித்துப் பேசும். நாச்சிமுத்து வீடு மட்டும் பேசாமல் நிற்கும். எதிரில் வருகிறவர்கள் எல்லாம், “உங்க வூட்டுக்கு இன்னும் ஒண்ணும் அமையலீங்களா?” என்று கேட்டார்கள். பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிச் சுற்றிக் கட்டிய வீடு அது. கட்டியவர் வயிறு எரியாதா?

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒறம்பறை வந்தால், அதாவது சொந்தமோ விருந்தோ யார் வந்தாலும், ஒவ்வொருவரையும் தனித்தனியாக முகம் பார்த்து ‘வாங்க’ கேட்க வேண்டும். கும்பலாகப் பார்த்து ஒரு ‘வாங்க’ போட்டால் செல்லாது. ஒருவரை விட்டுவிட்டால் முடிந்தது கதை. சொந்த அத்தையே ஆனாலும் இலையில் கை வைக்காமல் பஸ் ஏறிவிடுவார்.

நாச்சிமுத்துவுக்கு இதெல்லாம் அத்துப்படி. வாசலில் நின்று ஒவ்வொரு பல்பையும் தனியாகக் கேட்டார். மின்விசிறியின் மூன்று இறக்கைக்கும் தனித்தனியாகக் கேட்டார். தரகரை இரண்டு தரம் கேட்டார். ரௌட்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

கூட்டம் அதிகமானதால் முன்னறை நீண்டுகொடுத்தது. கடைசி வரிசைக்குப் பஜ்ஜி கொண்டுபோன அவர் மனைவி துளசிமணி திரும்பி வருவதற்குள் காபி ஆறிவிட்டது. பல்புகள் சொஜ்ஜி மட்டும் சாப்பிட்டன. பஜ்ஜி எண்ணெய் வெளிச்சத்துக்கு ஆகாதாம்.

“வூட்டைக் கொஞ்சம் வரச்சொல்லுங்க,” என்றார் ரௌட்டர்.

வீடு வந்து தலையைக் குனிந்து நின்றது. அதனால் கூரை கொஞ்சம் இறங்கியது. மின்விசிறி சங்கடத்தோடு இறக்கைகளை மடக்கிக்கொண்டார்.

“சுவிட்ச் பொட்டியில நியூட்ரல் வயர் இருக்குங்களா?”

“எல்லா ரூம்லயும் இருக்குதுங்க,” என்றார் நாச்சிமுத்து. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து போன மாதமே இழுத்து வைத்திருந்தார்.

“நான் நடு வூட்டுல உக்காந்து பேசினா மாடி வரைக்கும் கேக்குமுங்களா?”

“கேக்குமுங்க. குளிக்கற ரூமு மட்டும் கொஞ்சம் ஒதுங்குன சுபாவம். யாருகூடவும் பேசாது.”

“எல்லா வூட்லயும் அப்பிடி ஒரு ரூம் இருக்குமுங்க,” என்று பெருந்தன்மையாகச் சொன்னார் ரௌட்டர். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது.

எல்லோரும் போன பிறகு துளசிமணி சொம்புகளை எடுத்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

“ஏனுங்க, இந்தத் தண்ணியை யாரோ தொடவே இல்லீங்க.”

“தாகமிருக்காது.”

“மின்விசிறிக்குப் பின்னால ஒருத்தர் உக்காந்திருந்தாரே, கதவுப் பூட்டு. அவரை வாங்க கேட்டீங்களா?”

நாச்சிமுத்து யோசித்தார். மின்விசிறியின் மூன்றாவது இறக்கை வரைக்கும் நினைவு வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

“கேட்டிருப்பேன் புள்ள,” என்றார்.

அடுத்த முகூர்த்தத்திலேயே எல்லாம் குடிவந்துவிட்டன. துளசிமணி பால் காய்ச்சினாள். பல்புகள் அவரவர் இடத்தில் ஏறிக்கொண்டன. கேமரா வாசல் நிலைக்கு மேலே போய் உட்கார்ந்தது. பூட்டு யாரிடமும் ஒன்றும் பேசாமல் கதவில் போய்ப் பொருந்திக்கொண்டது. ரௌட்டர் நடு வீட்டில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சொன்னார்.

“நல்ல நேரம் முடியறப்ப யாரு உள்ள இருக்கறாங்களோ அவங்கதான் குடும்பம். யாரு வெளிய இருக்கறாங்களோ அவங்க ஒறம்பறை. அதுக்கப்புறம் மாத்த முடியாதுங்க.”

“நாங்க எங்க போகப் போறோம்?” என்று சிரித்தார் நாச்சிமுத்து.

தரகர் விடைபெற்றார். வந்தவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விடுவதுதானே மரியாதை? நாச்சிமுத்து போய் விட்டுவிட்டு வந்தார். கதவு சாத்தியிருந்தது.

“யாருங்க?” என்றது பூட்டு.

“நாந்தான்.”

“நாந்தான்னா?”

“நாச்சிமுத்து. இந்த வூட்டுக்காரன்.”

“அப்பிடி ஒருத்தரு இருக்கறதாச் சொன்னாங்க. நமக்குப் பழக்கமில்லீங்க. அன்னைக்கி நான் வந்தப்பக்கூட அவரு என்னைப் பாக்கலீங்க.”

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமரா மேலேயிருந்து குனிந்து, “அவரு கொஞ்சம் ரோசக்காரருங்க,” என்று காதோடு சொன்னது.

நாச்சிமுத்து கையைக் கூப்பினார். “தப்புத்தானுங்க. வாங்க, வாங்க!”

“வெளிய நிக்கறவரு உள்ள இருக்கறவனைப் பாத்து வாங்கன்னா, நான் எங்கீங்க வர்றது? உள்ள இருந்துக்கிட்டுத்தான் வாங்க கேக்கோணும்.”

“உள்ள வர்றதுக்கு நீங்க தொறக்கோணுமுங்களே?”

“வாங்க கேட்டாத் தொறப்பேனுங்க.”

நியாயம்தான்.

பின்பக்கமாகப் போய்விடலாம் என்று வீட்டைச் சுற்றி நடந்தார். வீடு புதுப்பெண் வெட்கத்தில் அவரோடு சேர்ந்து திரும்பியது. எந்தப் பக்கம் போனாலும் எதிரில் வாசல்தான் வந்து நின்றது. வாசலுக்குப் பக்கத்தில் திறந்திருந்தது சமையலறை ஜன்னல் மட்டும்தான். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். துளசிமணி ஒப்புட்டு, அதாவது போளி, தட்டிக்கொண்டிருந்தாள். நெய் மணம் வந்தது.

நடு வீட்டில் அவருடைய நாற்காலியில் பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு பின்வாசல் வழியாக வந்தவர். பேசும் டப்பா அவரிடம், “குளிக்கத் தண்ணி எந்தச் சூட்டுல வேணுமுங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“கைபொறுக்கற சூட்டுல இருந்தாப் போதுமுங்க,” என்றார் சென்னியப்பன். ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நாச்சிமுத்து பார்த்ததில்லை.

“யோவ் சென்னியப்பா, எந்திரிச்சு உங்க வூட்டுக்குப் போய்யா! நேரம் முடிஞ்சா நீ இங்க குடும்பமாயிருவே!”

“இருக்கட்டுங்க நாச்சிமுத்தண்ணா. உறைமோருதான் இன்னும் ஊத்தலையே.”

தான் கட்டிய வீட்டில் தான் ஒறம்பறை, சென்னியப்பன் குடும்பம். ஒறம்பறை என்றால் மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அவர் எங்கே கிளம்புவார்? கிளம்பிப் போகிற வீடும் இதுதானே?

“ஒரே ஒரு வாங்க கேக்காம விட்டதுக்கு இத்தனை கோவமா புள்ள?” என்று புலம்பினார். “ஒரு வார்த்தைதான?”

துளசிமணி ஒப்புட்டைத் திருப்பிப் போட்டாள். “என்னையுந்தான் நீங்க கேக்கல. நான் என்ன கதவையா சாத்துனேன்?”

“உன்னையா? எப்ப?”

“கல்யாணம் முடிஞ்சு காங்கயத்துல இருந்து வந்து கார்ல எறங்கறேன். உங்கம்மா கேட்டாங்க. உங்க பெரியம்மா கேட்டாங்க. எதிர்வூட்டு நாயிகூட வந்து வாலாட்டுச்சு. நீங்க ஸ்டூல் மேல ஏறி நின்னு ட்யூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாத்திட்டிருந்தீங்க. திரும்பிப் பாத்து, ‘அந்த டெஸ்டரை எடு’ன்னீங்க. எடுத்துக் குடுத்தேன்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்த பல்புகள் அத்தனையும் மெல்ல மங்கின. ரௌட்டர் சிமிட்டுவதை நிறுத்திவிட்டார். நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. டெஸ்டர் நினைவிருந்தது. மஞ்சள் பிடி போட்டது. அதை நீட்டிய கையில் மருதாணி இருந்தது. அதற்கு மேல் அவர் அன்றைக்குப் பார்க்கவில்லை.

கதவிலிருந்து பூட்டு கேட்டது. “ஏனுங்கம்மா, நீங்களும் வாங்க கேக்காம உள்ள வந்தவங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன். ஒரு நடை வெளிய போயிட்டு, மொதல்ல இருந்து வந்துரலாமுங்களா?”

“உங்களுக்காக வர்றேனுங்க,” என்றது பூட்டு.

துளசிமணி ஸ்க்ரூ டிரைவரால் பூட்டைப் பதமாகக் கழற்றினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். பின்வாசல் வழியாக வெளியேறி நடந்தாள். வீடு அவளுக்காகத் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

பூட்டில்லாத கதவு தானாகத் திறந்துகொண்டது. நாச்சிமுத்து ஒரே எட்டில் உள்ளே போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது. சென்னியப்பனை முறைத்தார். சென்னியப்பன் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“நல்ல நேரம் முடியப் போவுதுங்க,” என்றார் ரௌட்டர்.

தெருமுனையில் துளசிமணி திரும்பினாள். அடுப்பிலிருந்து நேராக வந்தவள். கையில் மாவு, நெற்றியில் வியர்வை, முந்தானையில் பூட்டு. அப்போதுதான் காங்கயத்திலிருந்து வந்து இறங்கியவள் போல நிதானமாக நடந்து வந்தாள். தெரு வேறு கொஞ்சம் நீண்டுகொடுத்தது. எல்லா வீடுகளும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

நாச்சிமுத்து நிலைக்கு உட்புறம் நின்றார். இங்கேயே நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். பூட்டுக்கு அது போதும். ஆனால் முறை அதுவல்ல. மதித்து வரவேற்க வேண்டியவர்களைப் படியிறங்கிப் போய்த்தான் கேட்க வேண்டும். அதுவும் இத்தனை வருஷம் தள்ளிப் போட்டது.

“முடியுதுங்க,” என்றார் ரௌட்டர். “வெளிய கால் வெக்காதீங்க.”

“அண்ணா, இறங்காதீங்க!” என்று சென்னியப்பனே கத்திவிட்டார். நல்ல மனுஷன், பாவம்.

நாச்சிமுத்து படியிறங்கினார். வாசலைத் தாண்டினார். துளசிமணியின் முன்னால் போய் நின்று, முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“வா துளசி,” என்றார். “வா.”

அவள் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் புருவமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பிறகு முந்தானையைக் கொஞ்சம் விரித்துக் காட்டினாள்.

“வாங்க,” என்றார் நாச்சிமுத்து பூட்டிடம்.

“வர்றேனுங்க,” என்றது பூட்டு. “முறை செஞ்சுபோட்டீங்க. இனி ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டேன்.”

துளசிமணி படியேறி உள்ளே போனாள். வலது காலைத்தான் முதலில் வைத்தாள். அந்தக் கால் தரையில் பட்டதும் நல்ல நேரம் முடிந்தது.

ரௌட்டர் எழுந்து நின்று அறிவித்தார். “குடும்பம்: துளசிமணியம்மா, சென்னியப்பனவங்க. ஒறம்பறை: நாச்சிமுத்தவங்க. இதுக்குமேல மாத்த முடியாதுங்க.”

நாச்சிமுத்து வாசலில் நின்றார். உள்ளே வரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

துளசிமணி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். படியிறங்கி வந்து, அவர் முகத்தைப் பார்த்து, “வாங்க,” என்றாள்.

பல்புகள் ஒவ்வொன்றாக, “வாங்க,” என்றன. மின்விசிறி மூன்று இறக்கையாலும் கேட்டார். தரை துடைக்கும் வட்டு அவர் கால் வைக்கிற இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டே முன்னால் ஓடியது. பேசும் டப்பா, “பிரயாணமெல்லாம் சவுரியமுங்களா?” என்று கேட்டது. சவுரியம்தான் என்றார். முதல் ஒப்புட்டு அவருக்குத்தான் வந்தது, நெய் மிதக்க. இத்தனை வருஷத்தில் அவருக்கு முதல் ஒப்புட்டு வந்ததே இல்லை. கருகினது எது என்று பார்த்து அதைத்தான் போடுவாள்.

இப்போதும் முதல் ஒப்புட்டு அவருக்குத்தான். சென்னியப்பன் குடும்பமாகிவிட்டதால் அவரை யாரும் கவனிப்பதில்லை. ரேஷன் கடைக்கு அவர்தான் போகிறார். கருகின ஒப்புட்டு அவருக்கு. எப்போதாவது தன் பழைய வீட்டுக்கு ஒறம்பறையாகப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். உறைமோர் இன்னும் யாரும் ஊற்றவில்லை.

மூன்றாம் நாளானால் நாச்சிமுத்து மஞ்சள் பையில் வேட்டி சட்டையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முறை என்று ஒன்று இருக்கிறதே.

“கெளம்பிட்டீங்களா?” என்று பூட்டு வருத்தத்தோடு திறந்துவிடும்.

அவர் படியிறங்கும்போது துளசிமணி வந்துவிடுவாள். “இன்னும் ரெண்டு நாளைக்கி இருந்துட்டுத்தான் போறது?”

“இல்லீங்க, போட்டது போட்டபடி கெடக்குது.”

“அங்க உங்களை யாரு தேடறாங்க? வாங்க, அடுப்புல ஒப்புட்டு கெடக்குது.”

அவர் ஒரு நாளும் உடனே ஒப்புக்கொண்டதில்லை. தெருவை அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் பார்ப்பார். “செரி, நீங்க இவ்வளவு சொல்றப்ப…” என்று இழுப்பார். அப்புறம் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவார்.