பூவுக்குக் காவல்

கோகிலவாணி ஆண்டவருக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டாள், பூவைத் தவிர.

கைக்குழந்தைக்கு வந்த காய்ச்சல் ஜெபத்தில் தணிந்த வருஷம்தான் கள்ளக்குறிச்சியில் அந்தத் தகரக் கொட்டகைச் சபையில் சேர்ந்தாள். பாஸ்டர் பொட்டு வேண்டாம் என்றார், அழித்தாள். மூக்குத்தி வேண்டாம் என்றார், கழற்றினாள். சினிமா, படையல், ஜாதகம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டாள். பூ வேண்டாம் என்றபோது மட்டும் ஆமென் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டாள். பூவைப் படைத்ததே ஆண்டவர்தானே, அவருக்கே அது எப்படிப் பிடிக்காமல் போகும் என்பது அவள் கட்சி. அதைப் பாஸ்டரிடம் சொல்லும் தைரியம்தான் கிடையாது.

அதனால் புருஷன் பிச்சைமுத்து உடந்தையானான். கொத்து வேலை மேஸ்திரி. சாமி விஷயத்தில் எந்தப் பக்கமும் சாயாதவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை டி.வி.எஸ். வண்டியில் கூட்டிவருவான். சபைக்கு ஒரு தெரு முன்னால், ரைஸ்மில் திருப்பத்தில் வண்டி நிற்கும். அவள் பூவை எடுத்து நீட்டுவாள். அவன் அதை வாழையிலையில் சுருட்டி, தண்ணீர் தெளித்து, டீக்கடை பெஞ்சில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்காருவான். ஆராதனை இரண்டு மணி நேரம். பாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டால் மூன்று.

"இன்னா மேஸ்திரி, பூ வியாபாரத்துல எறங்கிட்டியா?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவன் பேப்பரைப் புரட்டுவான்.

முடிந்து வந்ததும் அதே திருப்பத்தில் பூவை அவனே வைத்துவிடுவான். சிமெண்டில் காய்த்துப்போன விரல்கள், ஆனாலும் சரம் கோணாது. பிறகு வண்டி நேராகக் கோமுகி அணைக்குப் போகும். கச்சிராயபாளையம் தாண்டியதும் கல்வராயன் மலை எதிரே எழுந்து நிற்கும், காற்றே மாறிவிடும். வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, பொழுது சாயும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மோட்சத்தைப் பற்றிப் பாஸ்டர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்; கண்ணை மூடினால் அவளுக்கு அந்த ரோடுதான் வரும். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

அத்தனை வருஷமும் ஒரு ஜெபத்தை மட்டும் அவள் விட்டதில்லை: என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்படணும் ஆண்டவரே.

ஆண்டவர் நிதானமாகத்தான் கேட்டார். போன ஆடியில் பிச்சைமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. சபையார் முறைவைத்து ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபித்தார்கள். பிழைத்து வீடு வந்தவன், "நானும் ஞானஸ்நானம் எடுத்துக்கறேன் வாணி" என்றான். அவள் சந்தோஷத்தில் அழுதாள். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இனி அவனும் உள்ளே வந்துவிடுவான். வெளியே யார் உட்காருவார்கள்?

அதைவிடப் பெரிய பயமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சபையில் தண்ணீரில் இறங்குமுன் எல்லோர் முன்னாலும் பாவங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிச்சைமுத்துவோ சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் இடித்துவிட்டுக் கட்டுகிறவன். ஒரு வாரமாக நோட்டில் எழுதினான்.

"இன்னாங்க, எழுதிக்கினே இருக்கீங்க?"

"ஒண்ணையும் வுடக்கூடாதுன்னாரு பாஸ்டர்."

"எல்லாத்தையுமா சொல்லப் போறீங்க?"

"எடுத்தா முழுசா எடுக்கணும் வாணி. பாதி பாதியா இன்னாத்துக்கு?"

அது தனக்குச் சொன்னதோ என்றிருந்தது அவளுக்கு. இப்போது பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. புதிதாக வருகிறவர்களிடம், "பூவ எடுத்துட்டு உள்ள வாம்மா" என்று வாசலில் நின்று சொல்கிறவளும் அவளேதான். விஷயம் வெளியே வந்தால் அந்த வாசலை மிதிக்க முடியாது.

ஞானஸ்நானம் அணைக்கால்வாயில் நடந்தது. சபையார் கரையில் நின்றார்கள். பிச்சைமுத்து வெள்ளை வேட்டி சட்டையில் நின்று நோட்டைப் பிரித்தான். பீடி குடித்தது. ஒரே ஒரு வீட்டில் சிமெண்டைக் கம்மி பண்ணி மணலை ஜாஸ்தி போட்டது. செத்துப்போன தம்பியோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தது. அந்த இடத்தில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு பக்கத்தைப் புரட்டினான். கோகிலவாணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இப்போது வரப்போகிறது என்று நினைத்தாள்.

"அவ்ளோதாங்க" என்று நோட்டை மூடினான். பாஸ்டர் அவனைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்.

துண்டு கொடுக்கும் சாக்கில் அவள் அவனை ஓரமாக இழுத்தாள்.

"பூ விஷயத்தச் சொல்லலியே, மறந்துட்டீங்களா?"

அவன் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, புரியாமல் அவளைப் பார்த்தான்.

"பாவத்தத்தான சொல்லச் சொன்னாங்க?"

கோகிலவாணி துண்டைப் பிடுங்கி, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். புருஷன் இரட்சிக்கப்பட்ட சந்தோஷம் என்று நினைத்து, கரையில் நின்ற சபையார் எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.