சமையலறையிலிருந்து வந்த வார்த்தை

ஆல்டன் பிரெஸ்காட் பதினைந்து வருஷம் ஹிப்-ஹாப் பற்றி எழுதிப் பிழைத்தவர். வானொலியில் ஓயாமல் ஒலிக்கிற ஆட்களைப் பற்றி அவர் எழுதியதில்லை. ஐந்நூறே இசைத்தட்டு அடித்து, அட்டைகூட இல்லாமல், நடுவில் ஒட்டிய காகிதத்தில் தங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிக் கடைகடையாகப் போட்டுவிட்டு வருவார்களே, அவர்களைப் பற்றித்தான் எழுதினார். பத்திரிகையின் பெயர் ‘லோ சீலிங்’. அவர்கள் ஆடிப் பாடிய நிலவறைக் கூடங்களில் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும் என்பதால் வைத்த பெயர். புரூக்ளினில் ஒரு சவுரிமுடிக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். 2008இல் ஒரு நாள் படி ஏறிப் போனபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. கடைசி இதழ் என்று ஒன்று வரவே இல்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களைப் பிழை திருத்தும் வேலையில் காலம் ஓடியது. ஐம்பத்தாறு வயதில், ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. பேட்டி ஒலிநாடாக்கள் இருந்தால் வாங்கிப் பாதுகாக்கிறோம், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அலமாரிக்கு மேலே நான்கு காலணிப் பெட்டிகளில் நூற்றுப் பன்னிரண்டு நாடாக்கள் கிடந்தன. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து ஒன்றைக் கேட்பது என்று வைத்துக்கொண்டார்.

முதல் சில வாரங்களுக்கு அவரை ஆச்சரியப்படுத்தியது பாடகர்கள் இல்லை, அவருடைய சொந்தக் குரல்தான். இந்த இளைஞன் ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று தோன்றியது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் இவனே சொல்கிறான். எதிரே இருப்பவர் யோசிக்க ஒரு மூச்சு எடுத்தால் போதும், அதற்குள் அடுத்த கேள்வி. இவனை நம்பி யார் பேட்டி கொடுத்தார்கள்?

நாற்பத்தோராவது நாடாவின் மேல் ‘ஸ்லேட், மார்ச் 97, ஈஸ்ட் நியூயார்க்’ என்று எழுதியிருந்தது. ஸ்லேட் என்பது லெமுவேல் கேஸ்கின் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனின் மேடைப் பெயர். அவனுடைய ஒரே இசைத்தட்டைப் பற்றி ஆல்டன் எழுதிய நான்கு பக்கக் கட்டுரைதான் அவர் எழுதியதிலேயே அதிகம் பேசப்பட்டது. அதிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்கூட உண்டு. ‘கதவுல நாலு பூட்டு, அம்மா போட்ட பூட்டு, நாலும் பயத்துக்கு.’ இந்த நகரத்தின் மேல் ஒரு தாய்க்கு இருந்த பயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று ஆல்டன் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார்.

நாடாவில் லெமுவேல் அந்தப் பாட்டை வாயால் சொல்லிக் காட்டிக்கொண்டு வந்தான். பின்னால் எண்ணெயில் எதுவோ பொரிகிற சத்தம். ‘அம்மா போட்ட பூட்டு’ என்றதும் தடுக்கி நின்றான். ஒரு விநாடிகூட இருக்காது. பொரிகிற சத்தத்துக்கு ஊடே, தாளம் தப்பாமல், ஒரு பெண் குரல் வந்தது.

“நாலும் பயலுக்கு, நாலும் பயலுக்கு.”

லெமுவேல் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனான்.

ஆல்டன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பின்னோக்கி ஓட்டி மறுபடி கேட்டார். பிறகு தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். சந்தேகமே இல்லை. பயத்துக்கு இல்லை, பயலுக்கு. வெளியே இருக்கும் திருடனுக்காக இல்லை, உள்ளே இருக்கும் பையன் வெளியே ஓடிவிடாமல் இருக்கத்தான் அந்தத் தாய் பூட்டுப் போட்டிருக்கிறாள். அவர் எழுதிய பத்தி முழுவதும் தலைகீழ்.

ஆனால் அவரை உலுக்கியது அந்த வார்த்தை மட்டும் அல்ல. அந்த வீட்டில் ஒரு பெண் இருந்ததே அவருக்கு நினைவில்லை. பழைய இதழைத் தேடி எடுத்தார். ‘அந்த வெறிச்சோடிய வீட்டில் அவனும் அவன் குரலும் மட்டும்’ என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே எதுவோ பொரிந்துகொண்டிருக்கும்போது எழுதிய வெறிச்சோடிய வீடு.

நாடாவைக் கடைசிவரை ஓட்டினார். நாற்காலி நகரும் சத்தம், காலடிகள், கதவில் தாழ்ப்பாள்கள் விலகும் ஓசை. அதே பெண் குரல் இப்போது மிக அருகில். “அ... அ... அந்த...” என்று திணறியது. உடனே ஆல்டனின் இளமைக் குரல், மிகவும் மரியாதையாக, “சரிங்க, ரயிலுக்கு நேரமாச்சு, சாப்பாட்டுக்கு நன்றி” என்றது. பொத்தான் அழுத்தும் ஒலி. அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாடப் புத்தக வேலை ஒன்றும் நடக்கவில்லை. அவள் யார், என்ன சொல்ல வந்தாள் என்பதே தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

லெமுவேலைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நியூயார்க்கை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது. வட கரோலினாவில் டர்ஹம் ஊரில் வீடுகளுக்குக் குளிர்சாதனம் பொருத்துகிறான். பழைய நண்பர் ஒருவர் வழியாக எண் கிடைத்தது. ஆல்டன் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் பெரிய சிரிப்பு.

“எழுத்தாளரே, இன்னும் உசிரோட இருக்கியா? அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டுத்தான் என் பொண்டாட்டி என்னைக் கட்டிக்கிட்டா. இன்னிக்கு வரைக்கும் உன்னைத் திட்டுறா.”

ஆல்டன் நாடாவைப் பற்றிச் சொன்னார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அது என் அக்கா கார்லிஸ் என்றான் லெமுவேல். மேற்கொண்டு கேட்டபோது ஒளிக்கவில்லை. பாதிப் பாட்டு அவள் எழுதியது, பாதி அவன் எழுதியது, இரண்டு பேரும் சமையல் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள் என்றான். நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று ஆல்டன் கேட்டார்.

“நீ கேக்கலையேப்பா. யாரைப் பார்த்து வளர்ந்தே, எந்த பேட்டை, யாரோட சண்டைன்னு கேட்டே. யாரு எழுதுனாங்கன்னு கேட்டியா? இருபத்தேழு வருஷம் கழிச்சு இப்பக் கேக்குற.” பிறகு சொன்னான். “அவளுக்கு போன் பண்ணாத. போன்னா அவளுக்கு ஆகாது. நேர்ல போ. போனா வாயைப் பொத்திக்கிட்டு இரு.”

கார்லிஸ் கேஸ்கின் புரூக்ளினின் கனார்சிப் பகுதியில், தண்ணீர் தெரியும் தெருவில், ஒரு சிறிய செங்கல் வீட்டில் இருந்தாள். லெமுவேல் முன்பே செய்தி அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்த உடுப்போடு, வெளிர் ஊதாத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். ஐம்பத்து மூன்று வயது, நேரான முதுகு, அளந்து பார்க்கும் கண்கள்.

“வா... வா... வாங்க, மிஸ்டர் பிரெஸ்காட்,” என்றாள்.

இந்த முறை ஆல்டன் காத்திருந்தார். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒரு வார்த்தையில் நிற்கும்போதெல்லாம் அதை முடித்துக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார்.

மேஜையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்குக் கலவையும் இருந்தன. சாப்பிட்டுக்கொண்டே தன்னைப் பற்றிச் சொன்னாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து இயந்திரத்தில் வேலை. சாட்சி சொல்வதையும் வக்கீல்கள் கத்துவதையும் ஒரு எழுத்து விடாமல் பதிவு செய்ய வேண்டும். சில சமயம் நீதிபதி, இன்னின்ன இடத்தை வாசியுங்கள் என்பார். அப்போது கூடம் முழுக்கக் கேட்க வாசிப்பாள். ஒரு இடத்தில்கூடத் திக்காது. அடுத்தவர் சொன்னதை வாசிக்கும்போதும், தாளத்தோடு சொல்லும்போதும் அவளுக்குத் திக்குவதில்லை. சொந்தப் பேச்சில்தான் வார்த்தை தொண்டையில் நிற்கும். பிறவியிலேயே அப்படி, அதனால் பாட்டு எழுதப் பிடித்தது என்று சாதாரணமாகச் சொன்னாள்.

ஆல்டன் கொண்டுவந்திருந்த ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேஜையில் வைத்து நாடாவை ஓட்டினார். இருபத்தாறு வயதுக் கார்லிஸ் எண்ணெய்ச் சத்தத்துக்கு மேல் அந்த வரியைச் சொன்னாள். ஐம்பத்து மூன்று வயதுக் கார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடுகள் கூடவே அசைந்தன. பிறகு கடைசிப் பகுதி வந்தது. திணறல், ரயில், நன்றி, பொத்தான்.

“மன்னிச்சிடுங்க,” என்றார் ஆல்டன். “அதைக் கேட்டதுலேர்ந்து வெட்கமா இருக்கு.”

அவள் தோளைக் குலுக்கினாள். பதில் வர நேரமாயிற்று. அவர் காத்திருந்தார்.

“எ... எல்லாரும் அப்படித்தான் போவாங்க. அதுல ஒண்ணுமில்ல. ஆனா நீங்க காது கொடுக்கறதையே வே... வேலையா வச்சிருந்தீங்க.”

ஆல்டன் கொஞ்ச நேரம் மீனைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, அன்று வாசலில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நினைவிருக்குமா என்ற சந்தேகம் அவருக்கு. அவளுக்கு இருந்தது. பேட்டியின்போது அவர் அந்த வரியைத் திருப்பிச் சொன்ன விதத்தை அடுப்படியிலிருந்து கேட்டாளாம். பயத்துக்கு என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை அது இல்லை என்று சொல்லத்தான் வாசல்வரை வந்தாள். அடுத்த மாதம் பத்திரிகை வந்தபோது பெரிய எழுத்தில் அதுவே இருந்தது.

உள்ளே போய் அந்த இதழை எடுத்து வந்தாள். ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்தாள். அவர் பிழை திருத்திப் பிழைப்பவர் என்பது அவளுக்குத் தெரியாது, ஆனால் அவரைவிடச் சுத்தமாகத் திருத்தியிருந்தாள். ஓரிடத்தில் ‘வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது’ என்ற வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

“அன்னிக்கு ந... நல்ல வெயில்,” என்றாள். “மழை எங்கேர்ந்து வந்துச்சு?”

ஆல்டன் சிரித்துவிட்டார். கட்டுரைக்கு மழை பொருத்தமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அவளும் சிரித்தாள்.

அப்போது அவருக்குள் பழைய பசி விழித்துக்கொண்டது. உண்மைக் கதையை எழுதலாமே என்றார். ஸ்லேட்டின் பாட்டுகளை எழுதிய அக்கா, திக்கும் வாயால் சொல்ல முடியாததைத் தம்பி வாயால் சொன்னவள். பெரிய பத்திரிகைகளே போட்டுக்கொள்ளும் என்றார். சொல்லிக்கொண்டே போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“பாத்தீங்களா, ம... மறுபடி மழை பெய்யுது,” என்றாள். திக்கினாலும் குரலில் தயக்கம் இல்லை. “அது லெமுவோட பாட்டு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதுல வழக்கு இல்ல. ராத்திரியானா அவன் ஓடிப்போவான், அம்மா நாலு பூட்டு போட்டா, அவன் ச... சன்னல் வழியா ஓடினான். அம்மா பயந்தாங்கொள்ளி இல்ல. ஊரு பூரா அவளைப் பயந்தாங்கொள்ளின்னு சட்டையில போட்டுக்கிட்டு அலையுது. நான் கேக்கறது ஒரு வார்த்தை. அதைத் தி... திருத்திக் கொடுங்க.”

திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கே திருத்துவது? பத்திரிகை செத்துப் பதினாறு வருஷம். பாட்டு வரிகளைத் தொகுத்து வைக்கும் ஓர் இணையதளத்தில் அந்தப் பாட்டு இருந்தது. கணக்கு ஒன்று திறந்து ‘பயத்துக்கு’ என்பதைப் ‘பயலுக்கு’ என்று மாற்றினார். ஒரு மணி நேரத்தில் யாரோ பழையபடி மாற்றிவிட்டார்கள். ஆதாரம் இல்லாத திருத்தம், சரியான வரிக்குப் பார்க்க: பிரெஸ்காட், ‘லோ சீலிங்’, 1997 என்று குறிப்பு வேறு. நான்தான் அந்த பிரெஸ்காட் என்று எழுதினார். அதற்கு வந்த பதிலில், இப்படிச் சொல்லிக்கொண்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்தார்கள் என்று இருந்தது.

இதைக் கடிதமாக எழுதி, நாடாவின் பிரதியையும் சேர்த்துக் கார்லிஸுக்கு அனுப்பினார். அவருடைய கட்டுரையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதைப் படித்தால் அவளுக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. நாடாவின் ஐம்பது நிமிடத்தையும் கார்லிஸ் நீதிமன்ற முறைப்படி எழுத்தாக்கியிருந்தாள். நாற்பத்தாறு பக்கம், ஒவ்வொரு வரிக்கும் எண். பேசுபவர்கள்: திரு. ஆல்டன் பிரெஸ்காட், திரு. லெமுவேல் கேஸ்கின், செல்வி கார்லிஸ் கேஸ்கின். பத்தொன்பதாம் பக்கம், பதினொன்றாம் வரியில் ‘நாலும் பயலுக்கு’. கடைசிப் பக்கத்தில், இது நான் கேட்டதை உள்ளபடியே எழுதிய பிரதி என்ற உறுதிமொழி, கையெழுத்து, முத்திரை.

ஆல்டன் அன்று முழுவதும் அதைப் படித்தார். கூட்டாமல் குறைக்காமல் எல்லாம் இருந்தது. அவர் குறுக்கே பேசிய இடங்களில் எல்லாம் அடைப்புக்குறிக்குள் ‘குறுக்கீடு’ என்று போட்டிருந்தாள். அவர் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். கடைசிக்கு முந்தின வரியில், ‘செல்வி கேஸ்கின்: அந்த— (பேச்சு முடியவில்லை)’ என்று இருந்தது. அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நடந்தது மட்டும் இருந்தது. இத்தனை வருஷம் எழுதியும் ஓர் அறையில் நடந்ததை இவ்வளவு நேராகத் தான் எழுதியதே இல்லை என்று அவருக்குப் பட்டது.

நூலகத்தார் அந்தப் பிரதியைக் கண்டு மகிழ்ந்துபோனார்கள். நாடாவையும் பிரதியையும் அவர்கள் வலைப்பக்கத்தில் வெளியிட்டதும், இணையதளத்துக்காரரும் முத்திரையைப் பார்த்து வரியை மாற்றினார். சட்டை அடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. லெமுவேல் மட்டும், தன் மனைவி இப்போது அக்காவின் ரசிகையாகிவிட்டாள் என்று செய்தி அனுப்பினான்.

நூலகத்துக்குத் தர வேண்டிய மற்ற நாடாக்களை ஆல்டன் இன்னும் கொடுக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று எழுதிக் கேட்டுக்கொண்டார். ஒன்றாம் நாடாவிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்த முறை தன் கேள்விகளையும் அவர்கள் பதில்களையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டார். ஏழாவது நாடாவில் பேட்டி கொடுத்தவர் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் பின்னால் யாரோ ஒரு கிழவர் செருமினார். பன்னிரண்டில் ஒரு குழந்தை தாளம் தட்டியது. இருபத்தொன்றில், பேட்டி கொடுத்தவர் மூச்சுவிட நிறுத்திய இடத்தில், தூரத்து அறையில் இரண்டு பேர் ஏதோ வரிகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்டன் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தி, அந்த வீடு யாருடையது என்ற கேள்வியைத் தாளில் எழுதினார்.