மூன்றாவது பெயர்

சவப்பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் தொப்பியை லொரெத்தா நேராக்கிக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் கிரேடி ஹாஸ்க்யூ. கையில் நாலாக மடித்த தாள், முகத்தில் அளவெடுத்துத் தைத்த சோகம்.

“ஓசெல்லா எங்க எல்லாருக்கும் பொக்கிஷம், லொரெத்தா. ரெண்டு நிமிஷம் நான் பேசலாமா?”

“எண்பத்தெட்டு வயசு எங்கம்மாவுக்கு. ‘மிசஸ் பெட்வே’ன்னு சொல்லுங்க,” என்றாள் அவள்.

மாதத்தின் முதல் வியாழன் நூலகத்தில் நடக்கும் உரையாடல் கூட்டத்தை ஆறு வருடமாக நடத்துகிற வெள்ளைக்காரர் இந்த ஹாஸ்க்யூதான். கறுப்பரும் வெள்ளையரும் வட்டமாக உட்கார்ந்து பழைய கொடுமைகளைப் பேசுவார்கள், எலுமிச்சைக் கேக் தின்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தன் ஒன்பதாவது வயதில் அப்பாவை வெள்ளையர் சிலர் பருத்தி ஆலை வாசலில் தூக்கில் தொங்கவிட்ட கதையை ஓசெல்லா அங்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரே நிபந்தனை, செய்தவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்பார் ஹாஸ்க்யூ. அம்மாவும் ‘சில ஆட்கள்’ என்று சொல்லியே பழகிவிட்டாள்.

போன ஞாயிறு, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று பெயர்களையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தாள். லொரெத்தா அழவில்லை. அவளுக்குள் அழுகைக்கு இடமில்லாமல் ஆத்திரம் நிறைந்திருந்தது. நேராக அச்சகத்துக்குப் போனாள்.

மூன்று பெயர்களோடும் அச்சாகி வந்த வாழ்க்கைக் குறிப்புத் தாளைப் பார்த்ததும் தம்பி எனிஸ் வெலவெலத்துப்போனான். மாவட்டச் சாலைத்துறையில் வேலை அவனுக்கு, பயம் இருக்காதா?

“அக்கா, இது சாவு வீடு. கோர்ட் இல்ல.”

“கோர்ட்டுல நம்மள யாராவது கூப்பிட்டுக் கேட்டாங்களா?”



இப்போது அவள் ஹாஸ்க்யூவிடம் பணிவாகவே சொன்னாள்: “ரெண்டு நிமிஷம் எதுக்கு? அம்மாவோட வாழ்க்கைக் குறிப்பையே நீங்க வாசிங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து அழுத்தினார். என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன்னைப் பற்றி அவ்வளவு நல்ல எண்ணம்.

அலபாமாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் தேவாலயம் நிரம்பி வழிந்தது. அதே தாள் நூற்றைம்பது பேர் கையிலும் இருந்தது. ஹாஸ்க்யூ நல்ல குரலில் வாசித்தார். ஓசெல்லா பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது எல்லாவற்றுக்கும் சபை ‘ஆமென்’ சொன்னது.

“அவருடைய தந்தையைக் கொன்றவர்கள்: டாயில் ப்ரன்சன், வெர்னன் டீஸ்...”

நின்றார். அடுத்த பத்திக்குத் தாவினார்.

“ஒரு பேரு விட்டுப்போச்சு, மிஸ்டர் ஹாஸ்க்யூ,” என்றாள் லொரெத்தா, முன்வரிசையிலிருந்து, குரலை உயர்த்தாமல்.

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹோரஸ் ஹாஸ்க்யூ,” என்று தன் தாத்தாவின் பெயரைத் தாளுக்குள்ளேயே முணுமுணுத்தார்.

ஆமென் வரவில்லை. லொரெத்தாவின் வயிறு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை. ஆறு வருடத்துக்கு இது எந்த மூலைக்கு?

பக்கத்தில் எனிஸ் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தான். எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தாள். அவனோ, பிரசங்கம் நன்றாயிருந்தால் சபையில் கேட்பார்களே, அதே தொனியில் கேட்டான்:

“மறுபடி சொல்லுங்க.”

பின்வரிசையில் யாரோ “மறுபடி” என்றார்கள். பாடகர் குழுவிலிருந்தும் ஒரு குரல் வந்தது. வாசலோரம் உட்கார்ந்திருந்த ஹாஸ்க்யூவின் மனைவியிடம், வெள்ளைக் கையுறை போட்ட சபை ஊழியப் பெண் ஒருத்தி விசிறியை நீட்டிக்கொண்டிருந்தாள். ஹாஸ்க்யூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தார்.